லேபிளில் இடமில்லாத வரி

“கடைசி வரி எங்கே, பண்டிதரே?”

ஞானமுத்து என்னிடம் இப்படிக் கேட்டுப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அன்றைக்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. போன மாதம் உசிலம்பட்டியிலிருந்து அவர் மனைவி போட்ட கார்டு வந்தது. “உங்கள் சிநேகிதர் செவ்வாய்க்கிழமை காலமானார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை” என்று இரண்டே வரி. அதைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்த என் காதில் முதலில் விழுந்தது அந்தப் பழைய கேள்விதான்.

செல்லூர் நெசவாளர் படிப்பகத்தில் இதைப் படிக்கப்போகிற, படிக்கக் கேட்கப்போகிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரையில் நான் தமிழ் ஆசிரியனாக இருந்த கல்லூரியில் ஞானமுத்து பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது புரொபஸர் கரும்பலகையில் எழுதுவதைச் சோதனைச்சாலையில் பையன்களின் கையால் செய்ய வைக்கிற வேலை. ஒல்லியான ஆள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். யாராவது எதையாவது உறுதியாகச் சொன்னால், “எண்ணிப் பார்த்தீங்களா, கேட்டுக்கிட்டு வந்தீங்களா?” என்பார். அதைக் கேட்டு எரிச்சல் அடைந்தவர்களில் நானும் ஒருவன்.

அப்போது அழகர்கோவில் ரோட்டில் ஒரு நூல் மில் புதிதாக எழும்பியிருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். உங்களுக்குத் தெரியும். ஒரு சித்திரை மாதம் அங்கே நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று மானேஜர் எங்கள் கல்லூரிக்கு ஆள் அனுப்பினார். ஞானமுத்து பத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றின் முனையில் ஈரத்துணி. ஒரு வாரம் மில்லுக்குள்ளேயே இருந்து காற்றில் ஈரம் எவ்வளவு என்று மணிக்கு மணி எழுதி, எந்த மூலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று சொன்னார். நூல் அறுவது குறைந்தது. திரும்பி வந்த நாள் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. “பையன்க புஸ்தகத்துல படிச்சது ஒரு மிஷினை ஓட வச்சிருக்கு பண்டிதரே. இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் மில்லுக்கு விரோதி என்று பிறகு பேசினார்கள். கல்லூரியும் மில்லும் சேர வேண்டும் என்று எங்களில் மிக அதிகமாக ஆசைப்பட்டவர் அவர்தான்.

அந்தச் சந்தோஷத்தின் பேரில்தான் நூல் சோதனைக்கூடம் வந்தது. மில் சாமான் கொடுக்கும், கல்லூரி இடமும் ஆளும் கொடுக்கும். தேக்குப் பெட்டிக்குள் தராசு, நூல் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்று பார்க்க ஒரு கருவி, ஒன்றரை கஜச் சுற்றளவில் நூலைச் சுற்றி எண்ணுகிற ஒரு சட்டம். திறப்பு விழாவில் மானேஜர் பேசினார், பிரின்சிபால் பேசினார், நான் வாழ்த்துப்பா வாசித்தேன். மில் முதலாளி எங்கள் கல்லூரி நிர்வாகக் கமிட்டியில் ஓர் உறுப்பினரானார். எல்லோரும் பூந்தி சாப்பிட்டோம்.

மறுவாரம் சோதனைக்கு நூல் வந்தது. நாற்பதாம் நம்பர் ரகம், ஆறு கட்டு. வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே நாடா கட்டி வந்தது. ஞானமுத்து ஒரு கட்டிலிருந்து ஒரு சிட்டத்தை, அதாவது ஒரு நூல் சுருளை, எடுத்துப் பிரித்தார். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் நெசவு தெரியாதவர்கள் இருக்கலாம். ஒரு சிட்டத்தில் ஏழு பிரிவு. பிரிவுக்கு எண்பது சுற்று இருக்க வேண்டும். அவர் எண்ணினார். எண்பது, எண்பது, எண்பது. ஆறு கட்டிலும் ஒரு சுற்றுக் குறையவில்லை. எனக்கு மகிழ்ச்சி. அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என்னய்யா, சரியாத்தானே இருக்கு?” என்றேன்.

“மாப்பிள்ளைக் கோலத்துல வந்திருக்கான் பண்டிதரே. குடிகாரனா இல்லையான்னு இன்னைக்குத் தெரியாது.”

அவர் சொன்னது நியாயம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. கல்லூரிக்கு வரும் முன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் முன் பெஞ்சில் யாரை உட்கார வைப்போம்? திணறுகிற பையனுக்கு அன்றைக்கு மட்டும் எப்படி வயிற்றுவலி வருகிறது? இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு “வகுப்பு நன்று” என்று எழுதிவிட்டுப் போவார். அவர் எழுதியது பொய் இல்லை. அவர் பார்த்த பெஞ்சுக்கு அது சரி.

ஞானமுத்து பிரின்சிபாலிடம் போய், மில் அனுப்புகிற கட்டைச் சோதிப்பதோடு, தானே கடைகளில் போய் நடு அடுக்கிலிருந்து உருவி எடுத்துச் சோதிக்க அனுமதி கேட்டார். பிரின்சிபால் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் இப்படிப்பட்ட சமயங்களில் பேசுகிற மென்மையான குரல் ஒன்று உண்டு. அந்தக் குரலில், “மிஸ்டர் ஞானமுத்து, விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் அடுப்படியை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை” என்றார். அதனால் ஞானமுத்து தன் கையில் இருந்த ஒன்றை மட்டும் செய்தார். இங்கிலீஷ் அறிக்கையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். சோதித்தவை மில் தேர்ந்து அனுப்பிய கட்டுகள் மட்டுமே, கடையில் விற்பவற்றைப் பற்றி இது எதுவும் சொல்லவில்லை என்று.

அறிக்கையைத் தமிழில் எழுதிக் கட்டுக்குக் கட்டு லேபிளாக ஒட்டப் போகிறோம் என்று மில் குமாஸ்தா என்னிடம் வந்தார். நான் எழுதினேன். நாலு நாள் எடுத்துக்கொண்டு, காதுக்கு இனிமையாக எழுதினேன். குமாஸ்தா வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“பிரமாதமுங்க. ஆனா அச்சு பிளாக்குல நாலு வரிக்குத்தான் இடம். இது அஞ்சு வரியா இருக்கே.”

“எதை எடுப்பது?”

“அது நீங்க பாத்து... கடைசி வரி கொஞ்சம் இழுத்தாப்ல இருக்கு இல்ல?”

இழுத்தாற்போல்தான் இருந்தது. என் வாக்கியங்களின் ஓட்டத்துக்கு அது பொருந்தவில்லை. நானே என் பேனாவால் அடித்தேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு மில்லிலிருந்து ஒரு ஜோடி வேட்டி வந்தது. வாங்கிக்கொண்டேன், உடுத்தவும் செய்தேன். இதை எழுதும்போது அந்த வேட்டி இப்போதும் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருப்பது போல் அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த கோடையில் ஒருநாள் கல்லூரி வாசலில் சத்தம். முத்திருளாயி வந்திருந்தார். உங்களில் சிலர் அவரை அக்கா என்று கூப்பிட்டிருப்பீர்கள். செல்லூரில் தறி வைத்திருந்த குடும்பம். கடைக்காரர் நூல் கட்டுக் கொடுப்பார், இவர்கள் வேட்டியாக நெய்து திருப்பித் தர வேண்டும். வாட்ச்மேன் மறித்தும் நிற்காமல் சோதனைச்சாலை வரைக்கும் வந்து, மடியிலிருந்து ஒரு சிட்டத்தையும் ஒரு லேபிளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இதை எழுதுன வாத்தியாரு யாரு?”

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஞானமுத்து, “என்னம்மா விஷயம்? உட்காருங்க” என்றார்.

“உக்கார வரலைய்யா. தறியில பாவு போட்டா பத்து வேட்டி வரணும். ஒம்பதுதான் வருது. மூணு தடவையா ஒம்பதுதான் வருது. கடைக்காரரு என் வீட்டுக்காரரைக் கடை வாசல்ல நிறுத்தி வச்சு, ‘ஒரு வேட்டி நூலை எவனுக்குடா வித்த?’ன்னு கேக்குறாரு. போறவன் வாரவன் அம்புட்டுப் பேரும் பாக்குறான். எடை போட்டுப் பாருங்கண்ணேன்னு இவரு கெஞ்சுறாரு. ‘கஞ்சியைக் கூடப் போட்டு எடையைக் கூட்டுவீங்க, உங்க வித்தை எனக்குத் தெரியாதா?’ங்கிறாரு. நூலு குறையுது அண்ணேன்னு சொன்னா இந்தச் சீட்டைக் காட்டுறாரு. ‘காலேசே எண்ணிச் சரின்னு எழுதியிருக்கு. அப்ப நீதான திருடன்?’”

அவர் மூச்சு வாங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “படிச்சவுக எழுதுனா அது சரியாத்தான் இருக்கும். அப்ப என் புருசன் திருடனான்னு நீங்களே சொல்லிருங்க. நான் போயிட்டு வாரேன்.”

ஞானமுத்து சிட்டத்தைச் சட்டத்தில் மாட்டினார். “நீங்களும் எண்ணுங்கம்மா” என்றார். இரண்டு பேரும் வாய்விட்டு எண்ணினார்கள். எழுபத்திரண்டு. அடுத்த பிரிவு எழுபத்தொன்று. அடுத்தது எழுபத்திரண்டு. நூல் கொஞ்சம் தடிப்பு, அதனால் எடையில் குறை தெரியாது, நீளத்தில்தான் போகும். ஏழு பிரிவும் எண்ணி முடித்ததும் முத்திருளாயி மேஜையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப அவரு எடுக்கல” என்றார். அழவில்லை.

ஞானமுத்து லேபிளை எடுத்துப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இடம் இல்லை” என்றேன்.

“இம்புட்டுப் பூ வேலைக்கு இடம் இருக்கே.” லேபிளின் ஓரத்தில் கொடியும் பூவும் அச்சடித்திருந்தது. அவ்வளவுதான் அவர் என்னிடம் சொன்னது. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த இரண்டு வாரம் அவர் அனுமதி கேட்கவில்லை. தானே கடை கடையாகப் போய் அடுக்கின் நடுவிலிருந்து கட்டுகளை உருவி வாங்கி வந்து எண்ணினார். சில சரியாக இருந்தன. பல குறைந்தன. சரியாக இருந்ததையும் எழுதினார், குறைந்ததையும் எழுதினார். அதைக் கமிட்டி முன் வைத்தார்.

அந்தக் கமிட்டி அறையை நான் நினைக்காத வாரம் இல்லை. சிட்டங்களை மேஜையில் வரிசையாக வைத்து, “எண்ணிப் பாருங்கள்” என்றார் ஞானமுத்து. ஒருவரும் எண்ணவில்லை. ஏழு படித்த மனிதர்கள், அவர்களில் இரண்டு பேர் கணக்கில் பட்டம் வாங்கியவர்கள், கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மில் முதலாளி சிரித்துக்கொண்டே, “நாங்க வாங்கிக் கொடுத்த மிஷின்லயே எங்களை எண்ணுறீங்களா சார்?” என்றார். அதற்கு மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. ஒருவர், கல்லூரியின் பெயர் கெடும் என்றார். கடைசி வருஷப் பையன்களை மில்லில் வேலைக்கு எடுப்பதாகப் பேச்சு நடக்கிறது, அது நின்றுபோகும் என்றார் இன்னொருவர். பெண்பிள்ளை ஒருத்தி வாசலில் வந்து கத்தினால் விஞ்ஞானம் மாறிவிடுமா என்று கேட்டார் மூன்றாமவர். பிரின்சிபால் அந்த மென்மையான குரலில், ஞானமுத்துவை மேல்பயிற்சிக்குப் பம்பாய்க்கு அனுப்பலாமே என்றார். மில்லே செலவை ஏற்கும் என்றார்.

“பம்பாய்லயும் ஒரு சிட்டத்துக்கு அதே சுத்துதானே சார்?” என்று கேட்டார் ஞானமுத்து.

பிறகு, சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டார்கள். லேபிளின் தமிழ் மூலத்துக்கு மாறாக இருக்கிறதா என்று ஒரே கேள்வி. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். ‘ஒரு வரியை நான் அடித்தேன்’ என்று நாலு சொல். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சாரம் முழுவதும் வந்திருக்கிறது” என்றேன். ஞானமுத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் பூசை முடிந்த கையோடு, கழுத்து டையைக்கூடக் கழற்றாமல், அவர் செல்லூருக்கு நடந்து போனார். நூல் வாங்க நெசவாளர்கள் கூடியிருக்கிற நேரம். அந்தக் கடைக்காரர் முன் போய் நின்று, இங்கிலீஷ் அறிக்கையின் கடைசி வரியை வாசித்து, தமிழில் சொன்னார். பிறகு, “என் பேரு ஞானமுத்து. அந்தச் சோதனையைச் செஞ்சவன் நான்தான். நான் எண்ணுனது இந்தக் கட்டை இல்ல. இவரு திருடலை” என்று முத்திருளாயியின் புருஷனைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கடைக்காரர், “அதுக்கு நான் என்ன சார் செய்ய, சீட்டுல அப்படி இல்லையே” என்றாராம். “அதான் வந்தேன்” என்றாராம் இவர். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டை உருவி அங்கேயே எண்ண ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்களும் கூடச் சேர்ந்து எண்ணினார்கள் என்று முத்திருளாயி பிறகு என்னிடம் சொன்னார். “எங்க வீட்டுக்காரரு அன்னைக்குத்தான் தலை நிமுந்து தெருவுல வந்தாரு.” அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. லேபிள் எழுதியது யார் என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த பருவம் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை தேவையில்லை என்று தீர்மானம் ஆயிற்று. சோதனைக்கூடத்துக்கு மில்லே ஓர் ஆளை அனுப்பியது. எண்பது, எண்பது, எண்பது என்று எழுத அவருக்கு எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை. ஞானமுத்து உசிலம்பட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். போகும் முன் ஒரு தச்சரிடம் சொல்லி, ஒன்றரை கஜச் சுற்றளவில் வேப்பமரச் சட்டம் ஒன்று செய்து உங்கள் படிப்பகத்தில் கொண்டுவந்து வைத்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறதே, அதுதான். கைப்பிடி உங்கள் கைபட்டுத் தேய்ந்திருக்கிறது. அவர் வைத்துவிட்டுப் போன இரண்டாம் வருஷம், பாவு போடும் முன்னால் எண்ணிப் பார்க்காமல் செல்லூரில் யாரும் கட்டு வாங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். குறைந்த கட்டுகளைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். லேபிள் ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றது.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு தடவை உசிலம்பட்டிக்குப் போனேன். சந்தை நாள். வகுப்பில் பையன்களை வைத்துக்கொண்டு சந்தையில் வாங்கிய கயிற்றை அளந்துகொண்டிருந்தார். நான் ஆரம்பித்ததுமே, “அந்த முனையைப் பிடிங்க பண்டிதரே, ஆள் குறையுது” என்றார். பிடித்தேன். அதற்குமேல் அவர் அதைப் பேசவே விடவில்லை.

இப்போது ஏன் இவ்வளவும் எழுதுகிறேன் என்றால், கார்டு வந்த பத்தாம் நாள் கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மில் புதிய சோதனைச்சாலை கட்டிக் கொடுக்கிறதாம். அதில் ஞானமுத்துவின் படத்தைத் திறக்கப் போகிறார்களாம். ‘கல்விக்கும் தொழிலுக்கும் பாலமாக விளங்கியவர்’ என்று படத்துக்குக் கீழே எழுதுவார்களாம். விழா மலருக்கு நான் ஒரு பக்கம் நினைவுரை தர வேண்டுமாம். கடிதத்தின் கடைசியில், ‘மில் சம்பந்தமான பழைய மனஸ்தாபத்தைத் தவிர்த்துவிடலாம், இடமும் ஒரு பக்கம்தான்’ என்று இருந்தது.

மறுபடியும் இடம் இல்லை!

உயிரோடு இருந்தவரைச் சோற்றுக்கு ஊர் மாற வைத்தவர்கள், செத்த பிறகு அவரைச் சட்டம் போட்டு மாட்டித் தங்கள் லேபிளாக ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறார்கள். அதற்கும் வாசகம் எழுத என்னைத்தான் தேடி வந்திருக்கிறார்கள். நான் எப்படிப்பட்டவன் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அவமானம். கல்லூரியும் மில்லும் சேரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சித்திரை மாதம் ஈரத்துணியும் தெர்மாமீட்டருமாக அவர் திரும்பி வந்தபோது இருந்த முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் சோதிக்கப்படுகிறவனே மாதிரியை எடுத்துக் கொடுத்து, சோதித்தவன் எழுதியதை அவனே வெட்டவும் செய்தால், அதற்குக் கல்லூரி எதற்கு? முத்திரை குத்த ஒரு ரப்பர் போதும்.

அவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை. இதை உங்கள் படிப்பகத்துக்கு அனுப்புகிறேன். இதில் ஒரு வரியும் குறைக்கவில்லை. குறைக்க வேண்டாம் என்று படிப்பகக் காரியதரிசியையும் கேட்டுக்கொள்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. நான் அடித்த வரி. அன்றைக்கு லேபிளில் வந்திருக்க வேண்டியதை, முத்திருளாயியின் புருஷன் கடை வாசலில் நிற்காமல் இருக்கப் போதுமானதாக இருந்ததை, இத்தனை காலம் கழித்து இங்கே எழுதுகிறேன்:

‘மேற்சொன்னவை மில்லார் தாமே தேர்ந்தெடுத்து அனுப்பிய கட்டுகளுக்கு மட்டும் பொருந்தும், கடையில் விற்கும் கட்டுகளை நாங்கள் சோதிக்கவில்லை, அவற்றைப் பற்றி இந்த அறிக்கை ஒன்றும் சொல்லவில்லை.’

நாளைக்கு நீங்கள் நூல் வாங்கப் போகும்போது கடைக்காரர் எடுத்து நீட்டுகிற கட்டை வாங்காதீர்கள். அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை நீங்களே உருவி எடுத்து, ஜன்னலோரம் இருக்கும் அந்தச் சட்டத்தில் மாட்டி, வாய்விட்டு எண்ணுங்கள்.